உண்டியலில் தீராத கடன்

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஒரு சிறிய கம்பெனி தயாரித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். வழக்கு நடக்கிறது. யாருக்கு என்ன தண்டனை என்பதை நீதிமன்றம் சொல்லும். அதற்கு முன்பு நாம் பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தொழில் செய்பவரை நேர்மையாக நடக்க வைப்பது எது? சட்டமா, மனசாட்சியா, கடவுள் பயமா?

செய்தி வந்த நாட்களில் டீக்கடைப் பேச்சில் இரண்டு பதில்கள் அடிபட்டன. ‘சாமிக்குப் பயந்தவன் இப்படிச் செய்வானா?’ என்பது ஒன்று. ‘நெத்தி நிறையப் பூசிக்கிட்டு வர்றவன்தான் மொதல்ல தலையில மிளகா அரைப்பான்’ என்பது மற்றொன்று. கேட்பவர் எந்தப் பக்கமோ அதற்கேற்ப ஏதோ ஒன்று இனிக்கும். ஆனால், ஒரு முதலாளி கோயிலுக்குப் போகிறவரா, நாத்திகரா என்பதை வைத்து எந்த மருந்து பாட்டிலையும் நம்பி வாங்க முடியாது. கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோதிக்காமல் விட்ட டிரம்

முதலில், நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். இருமல் மருந்தில் சேரும் பாரசிட்டமால் போன்றவை தண்ணீரில் எளிதில் கரையாது. அதற்காகப் புரொப்பிலீன் கிளைகால் என்ற திரவத்தைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரத்தில் வாங்கினால் அதற்கு விலை அதிகம். அதே போல நிறமில்லாமல், கெட்டியாக, லேசான இனிப்போடு இருக்கும் இன்னொரு திரவம் டைஎத்திலீன் கிளைகால். இது பிரேக் ஆயில் போன்ற தொழிற்சாலைப் பொருட்களுக்கானது, விலை குறைவு, சிறுநீரகத்துக்கு நஞ்சு. டிரம்மைத் திறந்து பார்த்தோ முகர்ந்தோ இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆய்வகத்தில் சோதித்தால் மட்டுமே தெரியும்.

மருந்தில் இந்த நஞ்சு 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த கோல்ட்ரிஃப் மாதிரியில் 48.6 சதவீதம் இருந்தது. ஏறக்குறைய பாதி பாட்டில். கம்பெனிக்குள் போய்ப் பார்த்த அதிகாரிகள் 350-க்கும் மேற்பட்ட குறைகளைப் பட்டியலிட்டார்கள். இத்தனை குறைகளும் ஒரே வாரத்தில் முளைத்திருக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முன் அங்கே யார் போனார்கள், போனவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது தனி விசாரணைக்கு உரியது.

குழந்தையைக் கொல்ல வேண்டும் என்று முடிவெடுத்து எவரும் மருந்துக் கம்பெனி நடத்துவதில்லை. இத்தகைய இடங்களில் எடுக்கப்படுவது மிகச் சிறிய முடிவு: ‘இந்த லோடை டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டாம், அப்படியே ஏத்து.’ ஒழுக்கத்தைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தொழிலில் அது சோதிக்கப்படுவதோ இந்த மாதிரியான அரை நிமிட வாக்கியங்களில்தான்.

இது முதல் முறையும் அல்ல. 1972-இல் சென்னையிலேயே இதே நஞ்சு கலந்த மருந்தால் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2020-இல் ஜம்முவின் ராம்நகரில் நடந்தது. 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது, ஹரியாணா கம்பெனி ஒன்றின் மருந்துகளைப் பற்றி உலக சுகாதார அமைப்பு எச்சரித்தது. அதே ஆண்டு உஸ்பெகிஸ்தானில் நடந்தது; அந்த மருந்து நொய்டாவிலிருந்து போனது.

சட்டப்படி குற்றமில்லை

இந்த நஞ்சின் வரலாற்றில் மிகப் பழைய வழக்கு அமெரிக்காவுடையது. 1937-இல் டென்னசி மாநிலத்தின் மாசென்கில் கம்பெனி, சல்பா மருந்தைக் குழந்தைகளும் குடிக்கும்படி திரவமாக்க நினைத்தது. அதன் வேதியியலர் டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்தார். சுவை, நிறம், மணம் மூன்றையும் சோதித்தார்கள். உடம்புக்கு என்ன செய்யும் என்று சோதிக்கவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள்.

முதலாளியின் வாதம் என்ன தெரியுமா? சந்தை கேட்டதைத் தயாரித்துக் கொடுத்தோம், இப்படியாகும் என்று முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை, எனவே எங்கள் மேல் பொறுப்பில்லை என்பதுதான். சட்டப்படி அவர் சொன்னதில் பெரிய தவறும் இல்லை. விற்பதற்கு முன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்று அன்றைய அமெரிக்கச் சட்டம் சொல்லவில்லை. பாட்டில் மேல் ஒட்டிய பெயர், உள்ளே ஆல்கஹால் இருப்பதாகப் பொருள் தந்தது. உள்ளே ஆல்கஹால் இல்லை. இந்தப் பெயர்ப் பிழையை வைத்துத்தான் அரசால் சரக்கையே கைப்பற்ற முடிந்தது. கம்பெனி அபராதம் கட்டியது. மருந்தைக் கரைத்த வேதியியலர் தற்கொலை செய்துகொண்டார்.

ஒரே கம்பெனி, ஒரே தவறு. ஒருவர் சட்டத்தைக் காட்டிக் கைகழுவினார். இன்னொருவரால் அந்தச் சாவுகளோடு வாழ முடியவில்லை. சட்டமும் மனசாட்சியும் வேறு வேறு என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி கிடைப்பது அரிது. மறு ஆண்டே அமெரிக்கா புதிய மருந்துச் சட்டம் கொண்டுவந்தது. ஒருவரின் மனசாட்சி செத்தவர்களைத் திருப்பித் தராது; அடுத்த பாட்டிலையும் தடுக்காது. தடுத்தது 1938-ஆம் ஆண்டுச் சட்டம்.

சாமியின் நெய்

சரி, கடவுள் பயம்? அதற்கும் நம் கண்முன்னே ஒரு வழக்கு இருக்கிறது. திருப்பதி லட்டுக்கு வாங்கிய நெய்யில் கலப்படம் என்ற புகார் 2024-இல் எழுந்தது. உச்ச நீதிமன்றம் சிபிஐ மேற்பார்வையில் சிறப்பு விசாரணைக் குழு அமைத்தது. 2025 பிப்ரவரியில் நான்கு பேர் கைதானார்கள். அதில் சம்பந்தப்பட்ட பால் நிறுவனங்களில் ஒன்று நம் திண்டுக்கல்லில் இருப்பது. குற்றம் நீதிமன்றத்தில் நிரூபணமாக வேண்டும். அரசியல்வாதிகள் இதில் குளிர்காய்ந்ததும் உண்மை. ஆனாலும், ஏழுமலையானின் மடைப்பள்ளிக்குப் போகிற நெய்க்கே ஆய்வகச் சான்று தேவைப்படுகிறது என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்க முடியாது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பூஜைச் சாமான் அடுக்கைப் பாருங்கள். மஞ்சள் நிற எண்ணெய் பாட்டிலில் தெய்வப் படம் பெரிதாக இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘தீபம் ஏற்ற மட்டும், உண்ணத் தகுந்ததல்ல’ என்று இருக்கும். மனிதர் வாயில் வைக்க முடியாததைச் சாமிக்கு ஏற்றுகிறோம். விலை மலிவு என்பதுதான் காரணம். சட்டப்படி இதில் தவறில்லை, எழுதித்தான் விற்கிறார்கள். கேட்க மாட்டார் என்று தெரிந்தவரிடம் சரக்கின் தரம் எப்படி இறங்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தொழிலில் பெருமாளைப் பங்குதாரராகச் சேர்த்து, ஆண்டுதோறும் லாபத்தில் ஒரு பங்கைத் திருமலை உண்டியலில் போடுகிற வழக்கம் நம் வியாபாரிகளிடம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால், பங்குதாரர் என்றால் லாபத்தில் மட்டும் பங்கில்லை. கொள்முதல் எங்கே, தரம் என்ன என்று கேட்கவும் உரிமை உண்டு. அந்தக் கேள்விகளைப் பெருமாள் சார்பில் யார் கேட்கிறார்கள்?

கூட்டத்தில் இல்லாதவர்

மதம் வியாபாரத்தை நேர்மையாக்கவே இல்லை என்று சொன்னால் அது வரலாற்றுக்குப் புறம்பு. இங்கிலாந்தின் குவேக்கர் கிறிஸ்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசுவதே பொய்க்கு இடம் தருகிறது என்று, ஒரே விலை சொல்லி விற்றவர்கள் அவர்கள். குழந்தையை அனுப்பிச் சாமான் வாங்கலாம் என்ற நம்பிக்கை அவர்கள் கடைகளுக்கு இருந்தது. கடன் அடைக்காமல் திவாலானவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். சிறைச் சீர்திருத்தத்துக்குப் பெயர்பெற்ற எலிசபெத் ஃப்ரையின் கணவருடைய வங்கி 1828-இல் நொடித்தபோது, அந்தக் கணவரையும் விடவில்லை. பார்க்லேஸ், லாய்ட்ஸ் வங்கிகளும் கேட்பரி சாக்லேட்டும் இந்தச் சபைக்காரர்களிடமிருந்து வந்தவைதான்.

அதே கேட்பரிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கம்பெனி தன் கொக்கோவில் ஒரு பெரும் பங்கை வாங்கியது ஆப்பிரிக்கக் கரையோரத்தில் போர்ச்சுக்கல் ஆண்ட சாவோ தோமே தீவிலிருந்து. அங்கே அங்கோலாவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் கிட்டத்தட்ட அடிமைகளாக வேலை செய்தார்கள். இது வில்லியம் கேட்பரியின் காதுக்கு 1901-இல் வந்தது. உண்மையறிய ஆள் அனுப்பினார்கள், அறிக்கை வாங்கினார்கள், அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்தினார்கள். கொள்முதலை நிறுத்தியது 1909-இல். இடையில் எட்டு வருடம் அந்தக் கொக்கோவை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். இதைக் குத்திக்காட்டிய பத்திரிகை மீது கேட்பரி அவதூறு வழக்குப் போட்டது, வென்றது, நடுவர்கள் கொடுத்த இழப்பீடு ஒரு ஃபார்த்திங். கால் பென்னி! தீர்ப்பு கேட்பரிக்கு, மரியாதை பத்திரிகைக்கு.

தன் பர்மிங்காம் ஆலைத் தொழிலாளிக்கு வீடும் பூங்காவும் கட்டிக்கொடுத்த அதே குடும்பம்தான் இது. போலி பக்தி என்று ஒதுக்கிவிட முடியாது. பர்மிங்காம் தொழிலாளி கண்முன் இருந்தார், சபைக் கூட்டத்தில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். சாவோ தோமேக்காரர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

நம்மிடமும் இந்தக் கதை உண்டு. ரங்கூன் முகல் தெருவில் கடை வைத்திருந்த நகரத்தார், மாதந்தோறும் முருகன் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். ஒரு கடை எழுதிக்கொடுத்த உண்டியல் என்ற பணச்சீட்டு இன்னொரு ஊரில் மறுபேச்சின்றிப் பணமானது. சொன்ன சொல் தவறினால் சாமி தண்டிப்பார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதே கோயிலில் நாளை எல்லோர் முகத்திலும் விழிக்க வேண்டும், வீட்டில் பெண் எடுக்க, கொடுக்க வேண்டும். சாமி பயமும் இந்த வெட்கமும் சேர்ந்துதான் வாக்கைக் காத்தன. ஆனால், 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு விளைநிலம் கடனுக்காகச் செட்டியார் கடைகளின் கைக்கு வந்தது. ஏடுகளில் பிழையில்லை, வட்டிக் கணக்கில் பொய்யில்லை. பர்மிய விவசாயி அந்தக் கோயில் கூட்டத்தில் இல்லை என்பதுதான் விஷயம்.

ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் 1785-இல் ஒரு மளிகைக்கடைக்காரரை உதாரணம் காட்டினார். குழந்தை வந்தாலும் அவர் விலையை ஏற்றுவதில்லை. வெளியே தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்து அப்படிச் செய்தால், அது அறம் ஆகாது என்றார் கான்ட். வாங்குகிற எனக்கு அவர் உள்மனம் எதற்கு, எடை சரியாக இருந்தால் போதும் என்றுதான் தோன்றும். தெருமுனைக் கடைக்கு அது சரி. ஆனால், மருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி விற்கிறது. குழந்தைகள் இறந்த மத்தியப் பிரதேசத்துப் பராசியாவில் இருக்கும் தாய் சுங்குவார்சத்திரம் வந்து சண்டை போடப் போவதில்லை. வியாபாரம் கெடும் என்ற பயமும் அங்கே இல்லை, கூட்டத்தில் முகம் பார்க்க வேண்டிய வெட்கமும் இல்லை. தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

எந்த மதமும் சலுகை தரவில்லை

மத நூல்கள் இந்த இடைவெளியை அறியாதவை அல்ல. வணிகர் பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேண வேண்டும் என்பதை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக வைத்தார். சமணரின் தத்துவார்த்த சூத்திரம், கள்ள எடையையும் கலப்படத்தையும் திருட்டின் கணக்கில் சேர்க்கிறது. அளவில் குறைப்பவர்களைக் கண்டித்தே குர்ஆனின் ஓர் அத்தியாயம், 83-ஆவது, தொடங்குகிறது.

இன்னும் முக்கியமானது, தப்பு செய்த பின் என்ன செய்ய வேண்டும் என்பது. பைபிளில் வரி வசூலிப்பவரான சகேயு மனம் மாறியதும் காணிக்கை போடவில்லை. நான் யாரை ஏமாற்றினேனோ அவர்களுக்கு நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். அடுத்தவருக்குச் செய்த தீங்கு, அவரைச் சமாதானப்படுத்தாத வரை, பாவநிவாரண நாளால் கழியாது என்பது யூத மரபு. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் இருந்தும் பிறர் பொருளைத் தின்றவரே உண்மையில் திவாலானவர் என்கிறது நபிமொழி ஒன்று. அவருடைய நன்மைகளை எடுத்து, ஏமாந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

ஆக, பக்தர்களிடம் நாத்திகராகும்படி கேட்க வேண்டியதில்லை. உங்கள் மதம் கேட்பதைச் செய்யுங்கள் என்றாலே போதும். கடன் யாரிடம் பட்டீர்களோ அவரிடமே தீர்த்துவிடுங்கள். கடவுள் இல்லை என்பவருக்கும் இதே விதிதான். அடிபட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பதை ஏற்க எந்த நம்பிக்கையும் தேவையில்லை.

அரசும் இந்தப் பாடத்தைக் கேட்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்துக்குப் பின், தரக்குறைவான மருந்து வழக்குகளில் ஒரு வகையை, மரணமோ பலத்த பாதிப்போ இல்லாதபோது, பணம் கட்டி முடித்துக்கொள்ளலாம். தொழில் செய்வோரைச் சிறு பிழைக்கெல்லாம் ஜெயிலில் போடக் கூடாது என்பது நியாயமே. ஆனால், பணம் கட்டினால் கணக்குத் தீர்ந்தது என்றால், அரசும் ஓர் உண்டியல் வைத்திருக்கிறது என்றுதான் பொருள்.

செய்யக்கூடியவை

கூட்டத்தில் இல்லாதவரைக் கூட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் வழி. குழந்தைகளுக்கான எல்லாத் திரவ மருந்துகளுக்கும், பயன்படுத்திய கரைப்பானின் ஆய்வக முடிவைத் தொகுதி எண்ணோடு இணையத்தில் போட வேண்டும். பாட்டிலில் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பராசியாவின் மருந்துக்கடைக்காரருக்கும் அது தெரிய வேண்டும். முடிவு ஏறாத தொகுதி கடைக்குப் போகக் கூடாது.

அடுத்தது, உள்ளே இருப்பவரின் வாய். சோதிக்காத டிரம்மைப் பற்றி முதலில் தெரிவது அங்கே வேலை பார்க்கும் கெமிஸ்ட்டுக்கும் ஸ்டோர் ஆளுக்கும்தான். 2014-இல் நிறைவேறிய தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர் முறைகேடுகளுக்கானது, தனியார் கம்பெனித் தொழிலாளிக்கு உதவாது. உணவு, மருந்துத் துறைகளுக்காவது மாநில அரசு தனி ஏற்பாடு செய்யலாம்: பெயர் ரகசியம், வேலைக்குப் பாதுகாப்பு, நிரூபணமானால் அபராதத்தில் ஒரு பங்கு.

வணிகர் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து விருதுநகரில் பள்ளிக்கூடம் கட்டிய உறவின்முறைகளின் வழி வந்தவர்கள் நாம். கலப்படம் செய்து தண்டனை பெற்றவரைச் சங்கத்திலிருந்து நீக்கும் விதி எத்தனை சங்கங்களில் இருக்கிறது? கடையடைப்புக்கு ஒரே நாளில் கூடுகிறவர்களுக்கு இது முடியாத காரியமில்லை. கோயில், மசூதி, தேவாலய நிர்வாகங்களும் இப்படித் தண்டனை பெற்றவரின் பெயரை உபயக் கல்வெட்டில் பொறிக்க மறுக்கலாம். ட்யூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைக்கும் உபயதாரர் பெயர் குறைந்தாலும் நல்லதே.

வாங்குகிற நாமும் சும்மா இருக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, கட்டணம் கட்டி எந்த உணவுப் பொருளையும் நாமே சோதனைக்கு அனுப்பலாம். தப்பென்று தெரிந்தால் கட்டணம் திரும்ப வரும். சந்தனம் குங்குமம் வைத்த எலெக்ட்ரானிக் தராசில், சாமான் வைக்கும் முன் பூஜ்யம் தெரிகிறதா, அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கிலோ 800 ரூபாய் இனிப்பை 60 கிராம் அட்டைப்பெட்டியோடு நிறுத்தால் 48 ரூபாய் அட்டைக்குப் போகிறது. பெட்டியைத் தனியே நிறுக்கச் சொன்னால் கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியாக, பராசியாவின் குடும்பங்கள். மத்தியப் பிரதேச அரசு கொடுத்த 4 லட்சம் ரூபாய் பொதுமக்களின் வரிப்பணம். தப்பு செய்தவரின் பணமல்ல. கலப்பட மருந்தால் சாவு நேர்ந்தால் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, அதை இறந்தவரின் குடும்பத்துக்கே தர வேண்டும் என்று மருந்துச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால், தீர்ப்பு வந்தால்தான் அந்தப் பணம். இத்தகைய வழக்குகளுக்குச் சிறப்பு நீதிமன்றம் அமைக்க அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. இரு மாநில அரசுகளும் சேர்ந்து அந்த நீதிமன்றத்தில் வழக்கை ஓராண்டுக்குள் முடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.